மடக்கு லேப்டாப்: நாற்பதாயிரத்தில் எது குறைகிறது?

போன மாதம் நெய்க்காரப்பட்டியில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி அக்கா மகள். பழனிப் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. இன்னொருவன் சித்தப்பா மகன். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிற தொழில். இரண்டு பேர் கையிலும் நாற்பதாயிரம் ரூபாய்தான். இரண்டு பேருக்கும் ஆசை அந்த ஒரே சாமான் மேல்: திரையைப் பின்பக்கமாக முழுசாக மடித்தால் டேப்லெட் ஆகிவிடும் லேப்டாப். "இதுவே நோட்டும் ஆச்சு, லேப்டாப்பும் ஆச்சு மாமா" என்றாள் அவள். "தோட்டத்துல நின்னுக்கிட்டே வரைஞ்சு காட்டலாமுல்லங்ண்ணா" என்றான் இவன்.

அக்கா வீட்டு நாற்பதாயிரம் மகளிர் குழுக் கடன். இருபத்து நாலு தவணை. வாங்கின பொருள் மூன்றாவது மாதமே இழுக்க ஆரம்பித்தாலும் தவணை நிற்காது. அதனால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் ஒருவருக்கு வேண்டாம் என்றும் ஒருவருக்கு வாங்கு என்றும் சொன்னேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கடையில் "டூ-இன்-ஒன்" என்று சொல்வதில் இரண்டு வகை. திரையைத் தனியாகக் கழற்றி எடுப்பது ஒன்று. கீல் முழு வட்டமாகத் திரும்பி, விசைப்பலகை அடியில் போய்விடுவது இன்னொன்று. இதைத்தான் கன்வெர்ட்டிபிள் என்கிறார்கள். எச்பி பெவிலியன் எக்ஸ்360, லெனோவோ யோகா, ஐடியாபேட் ஃப்ளெக்ஸ், ஏசர் ஸ்பின், டெல் இன்ஸ்பிரான் டூ-இன்-ஒன் எல்லாம் இந்தக் குடும்பம். யோசனை பழசு. 2002-லேயே மைக்ரோசாஃப்ட் பேனாவால் எழுதும் 'டேப்லெட் பிசி'க்கென்று ஒரு விண்டோஸ் பதிப்பை வெளியிட்டது. விலை எட்டாத உயரம் என்பதால் நம் பக்கம் அதை யாரும் பார்த்ததில்லை. 2012-இல் லெனோவோவின் யோகா வந்த பிறகுதான் இந்த முழுவட்டக் கீல் பரவலானது.

இப்போது காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். சாதாரண லேப்டாப்பில் இல்லாத நாலு விஷயங்கள் இதில் உண்டு. தொடுதலை உணரும் அடுக்கு. அதன் மேல் கண்ணாடி. இரண்டு அச்சில் திரும்பும் கீல். எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்று கண்டுபிடித்து, மடித்ததும் விசைப்பலகையை அணைக்கும் உணரிகள். பேனாவுக்கு ஆதரவு வேண்டுமானால் அதற்கு இன்னொரு செலவு. எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய் இயந்திரத்தில் இந்தச் செலவு கரைந்துவிடும். நாற்பதாயிரத்தில் கரையாது, வேறு எங்கேயாவது வெட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். வெட்டு விழுகிற இடங்கள் பெரும்பாலும் ராம், சேமிப்பு, பிராசசர், திரையின் வெளிச்சம்.

ராமில் வெட்டு என்றால் 4 ஜிபி. விண்டோஸ் 11 ஓடக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அந்தக் குறைந்தபட்சம் அது எழுந்து உட்காரப் போதும், வேலை பார்க்கப் போதாது. ஒன்றையும் திறக்காமலே பாதிக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்ளும். குரோமில் நாலு தாவல், ஒரு கூகுள் மீட், ஒரு பிடிஎஃப் என்று திறந்தால் மிச்சமும் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கணினி சேமிப்பகத்தையே தற்காலிக ராமாகப் பயன்படுத்தும். அந்தச் சேமிப்பகம் இஎம்எம்சி வகையாக இருந்தால் தொலைந்தது. இஎம்எம்சி என்பது கைப்பேசிக்கும் மெமரி கார்டுக்கும் பங்காளி முறை. நல்ல எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகம். 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருந்தால் வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருடத்தில் 'இடம் போதவில்லை' என்று நிற்கும். மலிவு மடக்குகளில் ராமையும் இஎம்எம்சியையும் பலகையோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிற பேச்சே இல்லை. வாங்கும் அன்றைக்கு என்ன இருக்கிறதோ கடைசி வரை அதுதான்.

பிராசசரில் பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும். செலரான், பென்டியம் என்ற பழைய பெயர்களை இன்டெல் 2023-இலிருந்து லேப்டாப்களுக்கு விட்டுவிட்டது. இப்போது அந்த இடத்தில் என்100, என்200 என்று வருகின்றன. என்100 மோசமில்லை, நாலு கோர், 6 வாட் அளவில் ஓடுவது, படிக்க, எழுத, வீடியோ பார்க்க அது போதும். ஆனால் 'ஐ3-என்305' என்று ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கரில் 'கோர் ஐ3' என்று இருக்கும். அதுவும் என்100-இன் அண்ணன்தான். எட்டு சின்னக் கோர்கள். வழக்கமான ஐ3 என்று நினைத்து அந்த விலை கொடுக்க வேண்டாம். நடுவில் 'என்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் அரசு கொடுக்கிற லேப்டாப்பே நல்ல அளவுகோல். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய பழைய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த முதல் தொகுதிகளில் 2 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்துக்கு அது சரி. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ. இந்தத் தடவை, 2025 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். டேப்லெட்டா, லேப்டாப்பா? அக்கா மகள் கேட்ட கேள்விதான் அரசுக்கும் வந்திருக்கிறது. 2026 ஜனவரி 5 அன்று கொடுக்கத் தொடங்கியபோது வந்தது சாதாரண லேப்டாப்: ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தொடுதிரை இல்லை, மடக்குக் கீல் இல்லை. லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறவர்களே அலங்காரத்தை விட்டுவிட்டு ராமையும் எஸ்எஸ்டியையும் பிடித்திருக்கிறார்கள். நான் அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு 'ஆகாஷ்' என்ற மலிவு டேப்லெட்டை வெளியிட்டது. உலகத்திலேயே மலிவு என்று பேச்சு. உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம். அழுத்தினால்தான் உணரும் ரெசிஸ்டிவ் திரை. அந்த விலைக்கு அதற்குமேல் வைக்க முடியாதுதான். ஆனால் மாணவனுக்கு விலைப் பட்டியல் தெரியாது. விரல் வைத்தால் நகரவில்லை என்பது மட்டும் தெரியும். விலையை முதலில் முடிவு செய்துவிட்டு வசதிகளை உள்ளே திணித்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, மடக்குக்கு உண்மையான பயன் எதில்? என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான்: கையால் எழுதுவது. கூடாரம் மாதிரி நிறுத்திப் படம் பார்க்கலாம், படுத்துக்கொண்டு படிக்கலாம் என்பதெல்லாம் விளம்பரத்துக்கு. பதினாலு அங்குல மடக்கு ஒன்றரைக் கிலோ பக்கம் வரும். ஒரு கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு படிப்பது ஆட்டுக்கல்லின் குழவியைப் பிடித்துப் படிக்கிற மாதிரி. படிக்க மட்டும் என்றால் கைப்பேசி போதும், அதுவும் சின்னதாகத் தெரிந்தால் சாதாரண டேப்லெட் போதும்.

கையால் எழுதும் தேவை தனக்கு எவ்வளவு என்று ஒருவர் தானே அளந்துகொள்ளலாம். ஒரு வாரம் கவனியுங்கள்: நோட்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து எத்தனை முறை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள்? பிடிஎஃப்பை அச்சடித்து, அதன் மேல் பேனாவால் குறித்து, திரும்ப ஸ்கேன் செய்தது எத்தனை முறை? அந்த எண்ணிக்கைதான் மடக்கின் பயன். வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்றால் தேவையில்லை. நாளுக்கு ஐந்து, ஆறு என்றால் யோசிக்கலாம்.

பேனாவைப் பற்றிக் கடைக்காரர்கள் தெளிவாகச் சொல்வதில்லை. 'டச் ஸ்கிரீன் சார், பேனாவும் வேலை செய்யும்' என்பார்கள். ரப்பர் முனை வைத்த நூறு ரூபாய்ப் பேனா எந்தத் தொடுதிரையிலும் வேலை செய்யும். திரைக்கு அது இன்னொரு விரல், அவ்வளவே. உள்ளங்கையை வைத்தால் அதுவும் கோடாக விழும். கணக்கு எழுத வேண்டுமென்றால் ஆக்டிவ் பேனா வேண்டும். அதற்குள் மின்சுற்று இருக்கும். அழுத்தம் எவ்வளவு என்று திரைக்குச் சொல்லும். பேனா பக்கத்தில் இருக்கும்போது திரை உள்ளங்கையைக் கண்டுகொள்ளாது. அதற்குத் திரையும் ஒத்துழைக்க வேண்டும், இரண்டும் ஒரே மொழி பேச வேண்டும். மைக்ரோசாஃப்ட் பேனா முறை ஒன்று, வாகோம் முறை ஒன்று, குரோம்புக்குகளில் அதிகம் வரும் யுஎஸ்ஐ ஒன்று. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் எழுதாது. பெட்டியில் பேனா கூடவே வருகிறதா என்று கேளுங்கள். தனியாக வாங்கினால் இரண்டாயிரம், மூவாயிரம் கூடும். இன்னொன்று, பல ஆக்டிவ் பேனாக்களுக்கு 'நாலு ஏ' பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவது இரண்டு ஏ, டிவி ரிமோட்டுக்கு மூன்று ஏ. இது அதையும்விட ஒல்லி. நெய்க்காரப்பட்டிக் கடைவீதியில் கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சார்ஜ் போடும் பேனாவாக இருந்தால் நிம்மதி.

இனி அக்கா மகள். அவளுக்குக் கையெழுத்துத் தேவை நிஜமாகவே உண்டு. கணிதத்தைத் தட்டச்சு செய்து படிக்க முடியாது. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கூகுள் மீட்டில் சொல்லித் தருகிறாள். கைப்பேசியை டம்ளர் மேல் சாய்த்து வைத்து நோட்டைக் காட்டுகிறாள். ஆனால் அவள் எழுதுவதெல்லாம் ஒரே இடத்தில், வீட்டு மேசையில். கல்லூரிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவள் ஒன்றரைக் கிலோவைத் தினம் சுமக்கப் போவதில்லை. அதோடு அரசு லேப்டாப்பில் முதல் முறை இறுதியாண்டுக்காரர்களுக்கு. அவள் முறை வந்து கிடைத்தால், கடன் வாங்கி வாங்கிய மடக்கு வீட்டில் இரண்டாவது லேப்டாப்பாக உட்காரும். தவணை மட்டும் ஓடும்.

அவளுக்கு நான் சொன்னது பென் டேப்லெட். பெயரில் டேப்லெட் என்று இருந்தாலும் அதில் திரை கிடையாது. சிலேட்டு மாதிரி ஒரு பலகை, யுஎஸ்பி கம்பி, ஒரு பேனா. பலகையில் எழுதினால் லேப்டாப் திரையில் விழும். வாகோம், ஹுயான், எக்ஸ்பி-பென் என்று கிடைக்கின்றன. தொடக்க நிலையில் சுமார் மூவாயிரம், நாலாயிரம். இந்தப் பேனாக்களில் பெரும்பாலும் பேட்டரியே இல்லை, பலகையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். கை ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில் என்பதால் முதல் வாரம் கோழி கிறுக்கின மாதிரி வரும். பிறகு பழகிவிடும்.

பலகையைச் செருக லேப்டாப் வேண்டுமே? அவள் அண்ணன் பள்ளியில் வாங்கிய இலவச லேப்டாப் பரணில் இருந்தது. 4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அந்த இயந்திரம் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். கையால் எழுத சோர்னல் என்ற இலவச மென்பொருள், கணக்குக்கு ஆக்டேவ், ஜியோஜிப்ரா. 4 ஜிபியில் விண்டோஸ் 11 திணறும் இடத்தில் லினக்ஸ் சமாளிக்கிறது. மொத்தம் ஏழாயிரத்துக்குள் முடிந்தது. பேட்டரி செத்துவிட்டது, மேசையில் கம்பியோடு வைத்துப் பயன்படுத்துவதால் இப்போதைக்கு அது குறையாகத் தெரியவில்லை. அக்கா குழுக் கடனை எடுக்கவே இல்லை.

சித்தப்பா மகன் கதை வேறு. அவன் வேலையே நின்றுகொண்டுதான். சொட்டுநீருக்கு அரசு மானியம் உண்டு. சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அதற்குச் சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் வேண்டும். புல வரைபடம் இணையத்தில் பிடிஎஃப்பாகவே கிடைக்கிறது. அதன் மேல் கிணறு எங்கே, மெயின் குழாய் எப்படி, சப்-மெயின் எங்கே பிரிகிறது, வரிசை எத்தனை என்று அவன் வரைய வேண்டும். இப்போது அச்சடித்துப் போய், வரப்பில் வைத்து வரைந்து, வீட்டுக்கு வந்து திரும்பக் கணினியில் ஏற்றுகிறான். தோட்டக்காரர் 'அந்தத் தென்னை வரிசையை விட்டுட்டீங்களே' என்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளில் இது மூன்று, நாலு முறை நடக்கிறது. விலைப்பட்டியல் எக்செலில், அதனால் விண்டோஸும் வேண்டும். மடக்கு செய்யப்பட்டதே இந்த மாதிரி ஆளுக்கு.

ஆனால் அவனுக்கும் நாற்பதாயிரத்தில் புதிய மடக்கு வேண்டாம் என்றேன். முக்கியக் காரணம் வெயில். மலிவுத் திரைகளின் வெளிச்சம் 250 நிட்ஸ் அளவில் இருக்கும். வீட்டுக்குள் நன்றாகத் தெரியும். பங்குனி வெயிலில் வயலில் திறந்தால் கண்ணாடித் திரையில் தன் முகம்தான் தெரியும். குறைந்தது 300, முடிந்தால் 400. கூடவே மலிவு மடக்குகளில் பல, விசிறி இல்லாதவை. சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதனால் அவனை அலுவலகங்களில் ஓடிக் கழித்த, புதுப்பித்து விற்கும் மடக்குகள் பக்கம் திருப்பினேன். லெனோவோ திங்க்பேட் யோகா வகைகள், எச்பி எலீட்புக் எக்ஸ்360, டெல் லாட்டிடியூட் டூ-இன்-ஒன். புதிதில் லட்ச ரூபாய்ச் சாமான்கள். கீல் உறுதி, பேனா ஆதரவு உண்டு; திங்க்பேட் யோகாக்கள் பலவற்றில் பேனா உடம்புக்குள்ளேயே செருகி அங்கேயே சார்ஜ் ஏறும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. பேட்டரியைக் கடைக்காரர் வாய்மொழியில் நம்ப வேண்டியதில்லை. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுசாக ஏறும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 50 வாட்-அவர் பேட்டரி 30-க்கு வந்திருந்தால், சராசரி 8 வாட் இழுக்கும் லேப்டாப் நாலு மணி நேரம்கூட நிற்காது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அல்லது பேட்டரி மாற்றித் தரச் சொல்லலாம்.

குரோம்புக் மடக்கு பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பதாயிரத்துக்குள் புதிதாக, கையெழுத்துக்குத் தோதாகக் கிடைப்பது பெரும்பாலும் இவைதான். 4 ஜிபியிலும் ஓரளவு ஓடும். 2021-க்குப் பிறகு வந்த மாடல்களுக்குப் பத்து வருடம் புதுப்பிப்பு தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு, வீட்டில் நல்ல வைஃபை இருந்தால், நான் ஆட்சேபிக்க மாட்டேன். டேலி, ஆட்டோகேட் என்று ஒன்று சொல்லிவிட்டாலே இதை மறந்துவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது அவனிடம் செய்யச் சொன்னவை இவை. பென்டிரைவில் பெரிய பிடிஎஃப் ஒன்றை எடுத்துப் போ. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகமே போதும். அதைத் திறந்து வேகமாகத் தள்ளு. பக்கம் வெள்ளையாக நின்று நின்று வந்தால் வேண்டாம். எழுதும் செயலியைத் திற. திரையில் ஸ்கேலை வைத்து, அதை ஒட்டிப் பேனாவால் மெதுவாகச் சாய்கோடு போடு. வேகமாகப் போட்டால் எல்லாத் திரையிலும் கோடு நேராகத்தான் வரும். மெதுவாகப் போடும்போதுதான் மலிவுத் திரையில் பாம்பு நெளியும். உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டே எழுது. நாலு ஓரங்களிலும் எழுதிப் பார். டேப்லெட்டாக மடித்து, அடியில் இருக்கும் விசைகளை அழுத்து. எழுத்து விழுந்தால் உணரி சரியில்லை. லேப்டாப்பாக நிமிர்த்தி, திரையின் மேல் மூலையை விரலால் தட்டு. எழுதும்போது ஆடுகிற திரை தோட்டத்தில் உதவாது. கடைசியாக, தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்துத் திரை விசைப்பலகையில் நாலு வரி அடித்துப் பார். பாதித் திரையை அதுவே மறைத்துக்கொள்வதைப் பார்த்தால், டேப்லெட் நிலையில் தட்டச்சு செய்யலாம் என்ற ஆசை அங்கேயே போய்விடும்.

இதில் சொல்லாமல் விட்டது பழுதுச் செலவு. மடக்கில் கண்ணாடி, தொடு அடுக்கு, திரை மூன்றும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டி வரும். கண்ணாடி மட்டும் கீறினாலும் மொத்தமாக மாற்ற வேண்டும். சாதாரண லேப்டாப் திரையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குகூட ஆகலாம். கீலுக்குள் ஓடும் திரைக் கம்பி ஒவ்வொரு மடிப்பிலும் வளைகிறது. தோட்டத்து மண்ணும் அங்கேதான் போய்ச் சேரும். அவன் கோயம்புத்தூரில் ஒரு பழைய திங்க்பேட் யோகாவை முப்பத்திரண்டாயிரத்துக்குப் பேசி முடித்திருக்கிறான். மிச்சம் எட்டாயிரத்தை அக்கவுண்டிலேயே விடச் சொல்லியிருக்கிறேன். பில்லில் சீரியல் எண்ணும், வாரண்டி எத்தனை மாதம் என்பதும், திரையும் கீலும் அதில் அடக்கமா என்பதும் எழுதி வாங்கச் சொன்னேன். ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்; கீல் அடக்கம், திரை அடக்கமில்லை.